மாகாண சபைக்கு வரப்போகிறவரிடம் கேட்க வேண்டியவை

கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பிறகு, வாக்குப் போட்டுத் தெரிவான ஒருவர்கூட அந்தச் சபையில் இல்லை. மாகாணப் பாடசாலை, கிராமத்து ஆஸ்பத்திரி, உள்வீதி, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் ஆளுநர் கையிலும் செயலாளர்கள் கையிலும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் மட்டக்களப்பில் வேட்பாளர்களுக்கு மட்டும் குறைவில்லை. தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம், "இந்த முறை நம்மட பக்கத்தால இன்னார் இறங்கப் போறாராம்" என்று கல்யாணப் பந்தலிலும் கோயில் வீதியிலும் பேர்கள் அடிபடத் தொடங்கிவிடும். உடனே வரும் முதல் கேள்வி, "ஆர்ர மகன்?" இரண்டாவது, "எந்தக் கட்சியில கேக்கிறார்?" பெரும்பாலும் அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. மாகாண சபை என்ற அந்தக் கதிரையில் இருந்துகொண்டு சட்டப்படி என்ன செய்யலாம் என்று இவருக்குத் தெரியுமா? தெரிந்தால், அதில் எதைச் செய்யப் போகிறார்? நாங்கள் இதைக் கேட்காததால்தான் அவர்களும் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

2012 தேர்தலில் விநியோகித்த துண்டுப்பிரசுரம் ஒன்று என் மேசை லாச்சிக்குள் இன்னும் கிடக்கிறது. பளபளப்பான தாள். முன்பக்கத்தில் கும்பிட்ட கையோடு வேட்பாளரின் படம், கட்சிச் சின்னம், வட்டத்துக்குள் விருப்பு இலக்கம், எப்படிப் புள்ளடி போடுவது என்ற விளக்கம். பின்பக்கத்தில் பிறந்த ஊர், படித்த பாடசாலை, ஆலய பரிபாலன சபைத் தலைவர், விளையாட்டுக் கழகப் போஷகர், சமூக சேவையாளர். அடியில் மூன்றே மூன்று வரி: கல்வி மேம்படுத்தப்படும், விவசாயம் மேம்படுத்தப்படும், இளைஞர்களுக்கு வேலைவாய்ப்புப் பெற்றுக்கொடுக்கப்படும். யார் மேம்படுத்துவார், எந்த அதிகாரத்தைக் கொண்டு, எந்தப் பணத்தில் என்று ஒன்றுமில்லை. அதே பிரசுரத்தைப் பிரதேச சபைக்கும் கொடுக்கலாம், நாடாளுமன்றத்துக்கும் கொடுக்கலாம், சின்னத்தை மாற்றிவிட்டு எந்தக் கட்சியும் கொடுக்கலாம்.

ஒருவருடைய பின்புலத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கத்தான் வேண்டும். எதைப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

எங்கள் மாவட்டத்தின் பழைய சட்டசபை உறுப்பினர்களில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது வி. நல்லையா அவர்களை. வயதானவர்கள் இன்றும் 'நல்லையா மாஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். ஆசிரியராக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்து அரசாங்க சபைக்கு 1943இல் நடந்த இடைத்தேர்தலில் திருகோணமலை-மட்டக்களப்புத் தொகுதியிலிருந்து போனார். அடுத்த வருஷமே, 1944 மே மாதத்தில், சிங்களத்தை ஆட்சிமொழியாக்க வேண்டும் என்ற ஜே. ஆர். ஜயவர்தனவின் பிரேரணை விவாதத்துக்கு வந்தது. அதில் தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தவர் நல்லையா. திருத்தம் ஏற்கப்பட்டது. திருத்திய பிரேரணை 27க்கு 2 என்ற வாக்கில் நிறைவேறியது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்து அதையெல்லாம் மேவிவிட்டது, அது வேறு கதை. ஆனால் நாட்டின் சட்டசபையில் ஒரு முறையாவது சிங்களமும் தமிழும் ஆட்சிமொழி என்று ஒரு தீர்மானம் நிறைவேறியது, அந்தத் திருத்தம் எங்கள் கிழக்கு மாகாணத்துப் பிரதிநிதி ஒருவரின் கையால் போனது.

வந்தாறுமூலையில் மத்திய கல்லூரி வந்ததும் அவருடைய முயற்சியால்தான். 1940களில் ஊர்ப்புறத்துப் பிள்ளைகளுக்கென்று மத்திய கல்லூரிகளை நாடு முழுக்கத் தொடங்கும் திட்டம் அரசாங்கத்திடம் இருந்தது. தன் பகுதிக்கு ஒன்று வேண்டும் என்று விடாமல் நின்று, நகரத்துக்குள் வைக்காமல் வந்தாறுமூலையில் வைத்தார். அந்த வளவில்தான் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. இன்று அந்த வாசலால் உள்ளே போகும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்பது எனக்குக் கவலையான விஷயம்.

இதில் பின்புலம் என்பது எது? அவர் எந்த ஊர், ஆருடைய மகன் என்பதை வைத்து இன்று யாரும் அவரை நினைப்பதில்லை. ஆசிரியராக இருந்தபோது ஊர்ப் பிள்ளைக்கு எது இல்லை என்று பார்த்தார். சபைக்குப் போனதும், அந்தக் கதிரைக்கு எது முடியும் என்று கண்டுபிடித்து அதைப் பிடித்துக்கொண்டார். வேட்பாளரிடம் நான் தேடும் பின்புலம் இதுதான்: இதற்கு முன் செய்த வேலையில் எதைப் பார்த்தார், அதை என்ன செய்தார்.

மட்டக்களப்பார் பேச்சுக்கு மயங்குகிறவர்கள் என்று ஒரு சொல் உண்டு. 1956இல் நாடாளுமன்றம் போய், 1967இல் மட்டக்களப்பு மாநகரத்தின் முதல் மேயருமான செ. இராசதுரை அவர்களின் பேச்சைக் கேட்க மைல்கணக்கில் நடந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். 'சொல்லின் செல்வர்' என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. 1979இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானபோது மனமுடைந்தவர்கள் என் உறவுக்குள்ளேயே இருந்தார்கள். அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் மட்டக்களப்பில் விபுலாநந்த இசை நடனக் கல்லூரி வந்தது என்பதையும் அதே ஆட்கள்தான் சொல்வார்கள். இரண்டும் உண்மை. கட்சி மாறியவர் என்ற ஒன்றைக்கொண்டு மட்டும் ஒருவரைத் தள்ளிவிட என்னால் முடியாது. ஆனால் மாறினால் ஏன் மாறினேன் என்று எங்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் புதுச் சின்னத்தோடு படலையில் வந்து நிற்பவரை எனக்குப் பிடிப்பதில்லை.

சரி, இனி அந்தக் கதிரைக்கு வருவோம்.

1987இல் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தோடு வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று மாகாணத்துக்கு, ஒன்று மத்திக்கு, ஒன்று இரண்டுக்கும் பொது. மாகாணப் பட்டியலில் கல்வி, சுகாதாரம், விவசாயம், கால்நடை, கூட்டுறவு, கிராம அபிவிருத்தி, சமூக சேவை, உள்ளூராட்சி, மாகாண வீதிகளும் பாலங்களும் படகுத் துறைகளும் எல்லாம் வருகின்றன. காணியும் பொலிஸும்கூட எழுத்தில் இருக்கின்றன, நடைமுறையில் மாகாணத்தின் கைக்கு வரவேயில்லை. அரச காணி பற்றிக் கொள்கை வகுக்க ஒரு தேசிய காணி ஆணைக்குழு அமைய வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. இத்தனை வருஷமாகியும் அது அமையவில்லை. முதலமைச்சரோடு சேர்த்து மொத்தம் ஐந்து பேர்தான் அமைச்சர்கள். சபை தன் மாகாணத்துக்கான சட்டம், அதாவது நியதிச்சட்டம், இயற்றலாம், அதற்கு ஆளுநரின் சம்மதம் வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட நியதிச்சட்டம் என்றால் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபைக்குக் கொண்டுவரவே முடியாது.

இதெல்லாம் தெரிந்தால் வேட்பாளரின் வாக்குறுதிகளை நாமே தரம் பிரித்துவிடலாம். 'போதனா வைத்தியசாலையைத் திருத்துவேன்' என்றால், ஐயா, அது மத்திய சுகாதார அமைச்சுக்குக் கீழே இருக்கிறது. 'கல்முனை நெடுஞ்சாலையை அகலமாக்குவேன்' என்றால், ஏ-4 வீதி மாகாணத்துக்குரியதல்ல. ஆனால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குக் கணித ஆசிரியர் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால், அது நூற்றுக்கு நூறு மாகாணத்தின் விஷயம். தேசிய பாடசாலைகள் தவிர்ந்த எல்லா அரசாங்கப் பாடசாலைகளும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குக் கீழே வருகின்றன.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு இது மிக நெருக்கமான விஷயம். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள். வாவிக்கு மேற்கே இருக்கும் பாடசாலைகள் பெரும்பாலும் மட்டக்களப்பு மேற்கு வலயத்திலும் பட்டிருப்பு வலயத்திலும் அடங்குகின்றன. அங்கே நியமனம் பெறும் ஆசிரியர்களில் பலர் வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் குடியிருப்பவர்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அந்தப் பக்கத்துக்குப் போக்குவரத்து எவ்வளவோ இலகு. ஆனால் இன்னும் உள்ளே போனால் பஸ் குறைவு, மாலையில் யானை. குருமண்வெளித் துறையில் காலையில் நின்று பாருங்கள். மண்டூர்ப் பக்கம் போகும் படகுப்பாதையில் மோட்டார்சைக்கிள்களை ஏற்றி நெருக்கி வைத்துவிட்டு, சேலை நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையில் சாப்பாட்டுப் பையோடு ஆசிரியைகள் நிற்பார்கள். மழைக்காலத்தில் காற்று எழும்பினால் படகுப்பாதை பிந்தும். பிந்தினால் முதல் பாடம் போய்விடும். இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போய் வந்தவர் இடமாற்றம் கேட்காமல் இருப்பாரா? கேட்பார், ஆரையாவது பிடித்து வாங்கியும் விடுவார். அடுத்தவர் வரும்வரை பிள்ளைகளுக்குப் பாடமில்லை.

இந்த ஆசிரியர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். குறை இடமாற்றக் கொள்கையில் இருக்கிறது. கஷ்டப் பிரதேசத்தில் இத்தனை வருஷம் கட்டாயம், அந்தக் காலம் முடிந்ததும் யாரையும் பிடிக்காமலே இடமாற்றம் உறுதி, அங்கே இருக்கும்வரை தங்குவதற்கு விடுதி, துறையில் பாடசாலை நேரத்துக்கு ஒழுங்கான சேவை. இவ்வளவையும் மாகாணக் கல்வி அமைச்சர் ஒருவர் மனம் வைத்தால் செய்யலாம், கொழும்பைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழும்பி, "தம்பி, நீங்க வெண்டா எங்கட பள்ளிக்கூடத்துக்கு வாற கணக்கு வாத்தியார் ரெண்டு வருசம் நிப்பாரா?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர் தேசிய இனப்பிரச்சினையிலிருந்து பதிலைத் தொடங்கினார். அந்த முதியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இருந்துவிட்டார்.

இனப்பிரச்சினையைப் பேச வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. காணி அதிகாரம் இல்லாததால் நாங்கள் படும் பாட்டுக்கு மயிலத்தமடு-மாதவனை ஒன்றே போதும். தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த மேய்ச்சல் தரையில், மாவட்டத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் பயிர் செய்யத் தொடங்கியதை எதிர்த்து 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியோரம் குந்தினார்கள். வெட்டுப்பட்ட மாடுகளின் படங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த நிலம் மகாவலி அதிகாரசபையின் கையில் இருக்கிறது, மகாவலி மத்தியின் கையில் இருக்கிறது. ஆகவே 'நான் வந்தால் மயிலத்தமடுவை மீட்பேன்' என்று ஒரு மாகாண சபை வேட்பாளர் சொன்னால் அடுத்த கேள்வி, எப்படி?

அதற்கு நேர்மையான பதில் உண்டு. கால்நடை மாகாணத்தின் விஷயம். எந்தப் பண்ணையாளரிடம் எத்தனை மாடு, எந்தக் காலத்தில் எங்கே மேய்ச்சல் என்ற முழுப் பதிவையும் மாகாணத் திணைக்களத்தால் எடுத்து ஆவணமாக்க முடியும். வழக்கு நடக்கும்போதும் வர்த்தமானியில் மேய்ச்சல் தரையைப் பிரகடனப்படுத்தக் கேட்கும்போதும் அந்த ஆவணம் பெறுமதியானது. தேசிய காணி ஆணைக்குழுவை அமைக்கச் சொல்லிச் சபையில் தீர்மானம் போடலாம், மற்ற மாகாணங்களையும் சேர்த்துக்கொண்டு கேட்கலாம். 'மீட்பேன்' என்பதைவிட இது சின்னதாகக் கேட்கும். ஆனால் இதைச் சொல்கிறவர் வேலையை யோசித்திருக்கிறார் என்று நான் நம்புவேன்.

அடுத்த கேள்வியை எந்த வேட்பாளரும் விரும்பமாட்டார். ஆட்சியமைக்க யாரோடு சேர்வீர்கள்?

கிழக்கு மாகாண சபையில் 37 ஆசனம். மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14, திருகோணமலைக்கு 10, மிச்சம் 2 முன்னுக்கு வரும் கட்சிக்கு மேலதிகம். தமிழரோ முஸ்லிம்களோ சிங்களவரோ இங்கே தனியாக 19 எடுப்பது நடக்கிற காரியமல்ல. 2008இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவே இல்லை. 2012 செப்டெம்பர் 8ஆம் திகதி நடந்த தேர்தலில் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 11, முஸ்லிம் காங்கிரஸ் 7, ஐக்கிய தேசியக் கட்சி 4, தேசிய சுதந்திர முன்னணி 1. கூட்டிப் பாருங்கள்: 14உம் 1உம் முஸ்லிம் காங்கிரஸின் 7உம் சேர்ந்தாலும் 22, 11உம் 4உம் அதே 7உம் சேர்ந்தாலும் 22. முஸ்லிம் காங்கிரஸின் 7 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் ஆட்சி. அவர்கள் அன்றைய அரசாங்கத்தோடு, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்போடு, போனார்கள், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்க்கட்சியில் இருந்தது. 2015இல் கொழும்பில் ஆட்சி மாறியதும், முஸ்லிம் காங்கிரஸின் நஸீர் அஹமட் முதலமைச்சராக, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் துரைராஜசிங்கமும் தண்டாயுதபாணியும் விவசாய, கல்வி அமைச்சர்களாக வந்தார்கள். மிஞ்சியிருந்தது இரண்டரை வருஷம்.

அந்தக் கூட்டு நல்லதா கெட்டதா என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். நான் அதை வரவேற்றவன். எனக்குள்ள குறை ஒன்றுதான்: வாக்குக் கேட்கும்போது இதை யாரும் மக்களிடம் சொல்வதில்லை. ஆரையம்பதியில் ஒரு பேச்சு, காத்தான்குடியில் ஒரு பேச்சு. இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு வீதி எல்லைதான் இருக்கிறது, ஒலிபெருக்கிச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும். தமிழ் வேட்பாளர் ஒருவர் காத்தான்குடிக் கடைத்தெருவில் நின்று, தன் ஊரில் சொன்னதையே சொல்லட்டும். முஸ்லிம் வேட்பாளர் ஒருவர் ஆரையம்பதியில் வந்து அதையே செய்யட்டும். அப்படி ஒருவர் வந்தால், எந்தக் கட்சி என்று பார்க்காமல் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் இருப்பேன்.

அம்பாறைத் தமிழருக்கு இது இன்னும் நெருக்கடியான விஷயம். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரத்தோடு தரமுயர்த்தச் சொல்லி 2019இல் உண்ணாவிரதம் இருந்தார்கள், 2024இல் மாதக்கணக்கில் வீதியில் இருந்தார்கள். பிரதேச செயலகம் மத்தியின் நிர்வாகம், மாகாண சபையால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடியாது. ஆனால் தமிழ் ஊரான பாண்டிருப்பாரும் முஸ்லிம் ஊரான சாய்ந்தமருதாரும் ஒரே சபையில் உட்கார்ந்து எல்லையைப் பேசித் தீர்க்கக்கூடிய இடம் அதைவிட வேறு எது? 2020 பொதுத் தேர்தலில் அந்த மாவட்டத்துத் தமிழ் வாக்குகள் முக்கியமாக இரண்டு பட்டியலுக்குப் பிரிந்து, ஒவ்வொன்றும் 25,000க்கு மேல் எடுத்தும் ஒரு ஆசனமும் கிடைக்கவில்லை. 2024இல் ஒருவர் தெரிவானார். அங்கே நிற்கும் வேட்பாளரிடம், வாக்குப் பிரியாமல் இருக்க நீங்கள் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

தேர்தல் ஏன் இவ்வளவு காலம் நடக்கவில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2017இல் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி, பாதி விகிதாசாரம் என்று கலப்பு முறை கொண்டுவந்தார்கள். அதற்குப் புது எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றம் ஆதரவாக ஒரு வாக்குகூட இல்லாமல் தோற்கடித்தது. பழைய முறை போனது, புது முறை வரவில்லை. பெண்களின் இடத்தைக் கூட்டுவதற்கென்று சொல்லி வந்த திருத்தம் அது. அதனாலேயே ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, சபையே இல்லை.

பெண்கள் என்றதும் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று நுண்கடன். வாகரையிலிருந்து வெல்லாவெளிவரை, கணவனை யுத்தத்தில் இழந்தவர்களும் தனியாகக் குடும்பம் நடத்துகிறவர்களும் கிழமைக் கிழமை தவணைக்காரனுக்கு ஒளித்துத் திரிந்த காலத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம். எல்லா வேட்பாளரும் 'நுண்கடனை ஒழிப்போம்' என்கிறார்கள். கடன் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுப்பதும் பறிப்பதும் மத்தியின் வேலை. மாகாணத்தின் கையில் இருப்பது கூட்டுறவும் கிராம அபிவிருத்தியும். சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் எங்கள் ஊர்களில் ஏற்கெனவே பேரளவில் இருக்கின்றன. அவற்றுக்குச் சுழற்சிக் கடன் நிதி கொடுத்து, கணக்கை வருஷாவருஷம் ஒழுங்காகப் பார்த்து உயிரோடு வைத்தால், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பெண் வெளியே போய் நிற்கத் தேவையில்லை.

இந்தச் சங்கங்களை எப்படி உயிர்ப்பிப்பீர்கள் என்று நான் அரசியலுக்கு வர யோசிக்கும் சிலரிடம் கேட்டேன். பலர் மேலோட்டமாகத் தலையாட்டினார்கள். படுவான்கரையில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி மட்டும் பதில் சொல்லாமல் என்னைத் திருப்பிக் கேட்டார்: "அண்ணன், உங்கட பக்கத்துச் சங்கம் எந்த வருசம் நிண்டது? கடைசிக் கணக்குப் பரிசோதனை எப்ப நடந்தது? புத்தகம் இப்ப ஆரிட்ட கிடக்கு?" கொப்பி எடுத்துப் பேர்களை எழுதினார். தன் பகுதியில் இயங்காமல் கிடக்கும் சங்கங்களை ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார்.

கட்சி அவருக்கு இடம் தருவதாக இன்னும் சொல்லவில்லை. பழைய விருப்பு வாக்கு முறையிலேயே தேர்தல் வந்து, பட்டியலில் அவர் பெயரும் இருந்தால், என்னிடம் உள்ள மூன்று விருப்பு வாக்குகளில் ஒன்று அவருக்கு. மற்ற இரண்டும் மேலே உள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு.